பதினாறாம் நம்பர் வீட்டுப் பாட்டு

பேஸ் கிட்டாரில் நாலே கம்பி. நாலும் பாட்டுக்கு அடியில் நின்று உறுமும் தடித்த கம்பி. அதை வாசிப்பவரை மேடையில் யாரும் தேடுவதில்லை. பாடுபவரைப் பார்ப்பார்கள். கிட்டாரோடு துள்ளுபவரைப் பார்ப்பார்கள். டிரம்ஸைப் போட்டு அடிப்பவரைப் பார்ப்பார்கள். பேஸ்காரர் கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சித்தப்பா மாதிரி ஓரமாக நின்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஜெசிந்தா அப்படி ஓரத்தில் நின்றே பேர் வாங்கியவர். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பாட்டுகளை வேறு ஒருவர் முன்னால் நின்று பாடுவார். ஜெசிந்தா பின்னால் நின்று வாசிப்பார். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

“பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு கனமான கிட்டார்?” என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். “ராக் பாட்டைத் தமிழில் எழுதினால் எவன் கேட்பான்?” என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டு கேள்வியையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ள அவருக்கு வேறு சங்கதிகள் இருந்தன.

அவரிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தவர் வேதநாயகம். வயது ஐம்பத்தாறு. குருவைவிடப் பதினான்கு வயது மூத்தவர். முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, கண் இனிமேல் முடியாது என்று சொன்ன பிறகு வெளியே வந்தவர்.

“பேஸ் கத்துக்கணும் மாஸ்டர்.”

“எதுக்குண்ணா?”

“பாட்டு எயுதிகீறேன். கூட ஒரு வாத்தியம் வேணும்.”

“சரி, இந்தக் கம்பிய மட்டும் மீட்டுங்க. கைய வேற எங்கயும் கொண்டுபோவாதீங்க.”

நாற்பது நாள் ஆயிற்று. அதே கம்பி, அதே ஸ்வரம், அவர்கள் பாஷையில் அதே நோட்டு.

“இன்னும் எத்தினி நாளைக்கு மாஸ்டர் இதே?”

“சலிப்பா கீதா?”

“ஆமா.”

“யாருக்கு? உங்களுக்கா, நோட்டுக்கா?”

வேதநாயகம் வாயை மூடிக்கொண்டு மீட்டினார். மூன்று வருஷம் இப்படியேதான் போயிற்று. பாட்டில் எந்த நோட்டின்மேல் நிற்க வேண்டுமோ, அதன்மேல் நிற்கக் கற்றுக்கொண்டார். அவ்வளவுதான். தாவக் கூடாது, துள்ளக் கூடாது, வித்தை காட்டக் கூடாது. மற்ற வாத்தியக்காரர்களின் சிஷ்யர்கள் அதற்குள் மேடை ஏறி, போட்டோ எடுத்து, விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டார்கள்.

குருவும் சிஷ்யரும் ஒரே இடத்துக்காரர்கள். வடசென்னையில் மூடிப்போன ஒரு பஞ்சாலையின் குடியிருப்பு. ஆலைத் தொழிலாளிகளுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகள். எட்டாவது வரிசைக்கு எட்டாம் லயன் என்று பேர். அதில் பதினாறாம் நம்பர் வீடு வேதநாயகத்துடையது.

அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதலில் இருந்தது துருப்பிடித்து விழுந்துவிட்டது. வெல்டர் வீட்டில் ஒரு தாழ்ப்பாள் வைக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவர் மனைவி எஸ்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாராவது பசியோடு வந்து தட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடிக்காது. தள்ளினால் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர்களில் ஆறாம் வகுப்பு ஜெசிந்தாவும் உண்டு. பிற்பாடு ஜெசிந்தா எழுதிய முதல் பாட்டு எட்டாம் லயனைப் பற்றியது. அதில் இரண்டாவது சரணம் இப்படி இருக்கும்:

*பதினாறாம் நம்பர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல*
*பசிச்சவன் தள்ளிப் பாத்தா பானையில சோறு இல்லாம இல்ல*
*உள்ள வா, உள்ள வா.*

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் லயனை இடித்தார்கள். புல்டோசருக்கு எதிரே நின்றவர்கள் பாடியது இந்தப் பாட்டைத்தான். பாட்டு ஊரெல்லாம் பரவியது. லயன் தரைமட்டமானது. ஜனங்களை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் மாடி வீடுகளில் அடைத்தார்கள். அங்கே எஸ்தர் இரண்டு வருஷம்தான் இருந்தார். கதவை எந்நேரமும் தாழ்ப்பாள் போட்டே வைக்க வேண்டிய இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது என்று வேதநாயகம் சொல்வார். டாக்டர் வேறு ஏதோ பேர் சொன்னார்.

எஸ்தர் போன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த இரண்டு வரிதான். போட்டோகூட இருந்தது. ஆனால் போட்டோவில் எஸ்தர் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் இருபத்து நாலு மாடி நின்றது. கட்டியவர்கள் ரசனை உள்ளவர்கள் போலிருக்கிறது. ‘எட்டாம் லயன் ஹைட்ஸ்’ என்றே பேர் வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அந்தப் பாட்டையே வாங்கினார்கள். அதை வாங்க ஜெசிந்தாவிடம் வர வேண்டியதில்லை. இருபது வயதில் அவருடைய பாட்டுக் குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒரு ரெக்கார்டிங் கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் யார் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்? பாட்டு கம்பெனியிடம் இருந்தது, கம்பெனி விற்றுவிட்டது.

வாங்கியவர்கள் வார்த்தையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார்கள்.

*பதினாறாம் மாடி வீட்டுக் கதவுக்குச் சாவி இல்ல*
*விரலை வெச்சுப் பாரு போதும் வேறெதுவும் தேவை இல்ல*
*உள்ள வா, உள்ள வா.*

விரலை வைத்தால் திறக்கும் பூட்டாம். பாட ஒரு டிவி பாடகியை ஏற்பாடு செய்தார்கள். கூடவே, பாட்டை எழுதிய ஜெசிந்தாவே வந்து பேஸ் வாசித்தால் விழாவுக்கு மரியாதையாக இருக்கும் என்று ஆள் அனுப்பினார்கள்.

செய்தி கேட்டு வேதநாயகம் ஓடி வந்தார். ஜெசிந்தா பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாட்டேன்னு சொல்லிட்டீங்கதான மாஸ்டர்?”

“வாசிக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

“மாஸ்டர், அது எஸ்தரோட கதவு.”

“தெரியும்ண்ணா. அந்தக் கதவ நான் தள்ளிகீறேன்.”

“தெரிஞ்சுமா?”

ஜெசிந்தா துணியைக் கீழே வைத்தார். “நான் மாட்டேன்னா இன்னா ஆவும்?”

“வேற எவனையாச்சும் இட்டாருவாங்க.”

“அவன் இன்னா வாசிப்பான்?”

“பாட்டுல இன்னா கீதோ அத்த வாசிப்பான்.”

“அதான்” என்றார் ஜெசிந்தா.

வேதநாயகத்துக்கு அது பதிலாகவே தெரியவில்லை. கோபம் தலைக்கு ஏறியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குருவின் முன்னால் குரலை உயர்த்தினார்.

“ஊரே உங்கள இன்னான்னு பேசும் தெரியுமா? வெலை போய்ட்டான்னு பேசும். நான் முதல்ல பேசுவேன். இன்னியிலேர்ந்து நான் உங்க சிஷ்யன் இல்ல.”

“சரி.”

“சரியா? அவ்ளோதானா?”

“சிஷ்யன் இல்லன்னா இல்ல, அதுக்கு இன்னா பண்றது? பதினெட்டாந்தேதி பொட்டி தூக்க ஆள் வேணும். பேஸ் ஒயரு செருவுற பொட்டி. வர்றீங்களா?”

தூக்கியெறிந்து பேசத்தான் வேதநாயகம் வாயைத் திறந்தார். அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேஸிலிருந்து வரும் ஒயர் அந்தப் பெட்டியில்தான் செருகியிருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவன் இரண்டாவது சரணம் வரும்போது ஒயரைப் பிடுங்கினால், பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு பேஸ் செத்துவிடும். ஆயிரம் பேர் முன்னால் விழா நாறிவிடும்.

“வர்றேன்” என்றார்.

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. விழாவுக்குப் பொறுப்பாளர் கிரிதரன் என்ற மனிதர். வேலையில் சுத்தம். திருத்திய பாட்டைக் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு, பாடகி பாடப் பாட ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். ஒரு இடத்தில் அந்தப் பெண் பழக்கதோஷத்தில் ‘நம்பர் வீட்டு’ என்று பாடிவிட்டார். கிரிதரன் கையைத் தூக்கிவிட்டார்.

“ஸ்டாப், ஸ்டாப். மாடி வீட்டு. மாடி. பழைய வார்த்தை ஒண்ணுகூட வரக் கூடாது. பில்டிங் கம்பெனி சேர்மன் ரொம்பக் கண்டிப்பா சொல்லியிருக்காரு.”

பிறகு மெட்டைச் சரிபார்த்தார். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டார். கடைசியில் சவுண்ட்காரர் ஜெசிந்தாவைப் பார்த்து, “பேஸ் இருக்கா?” என்றார். ஜெசிந்தா ஒரு கம்பியைத் தட்டினார். “இருக்கு, ஓகே” என்றார் சவுண்ட்காரர். கிரிதரன் அதற்குள் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இது அவர் தப்பு மட்டும் இல்லை. எல்லா ஊரிலும் எல்லா மேடையிலும் பேஸை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள்.

வேதநாயகமும் வாசலில் நின்று மூன்று நாளும் கேட்டார். கேட்டது பூராவும் வார்த்தையைத்தான். ‘சாவி இல்ல’ என்று வரும்போதெல்லாம் அவருக்குப் பல் நறநறவென்றது. மூன்று வருஷம் பேஸ் படித்த மனிதர், அந்த மூன்று நாளில் பேஸை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒத்திகையில் ஜெசிந்தா பாட்டு இருந்தபடியேதான் வாசித்தார்.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி. புதுப் புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள். வீடு வாங்கியவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பின்வரிசைக்குப் பின்னால் சீருடை போட்ட ஆறேழு பெண்கள் ஜூஸ் தட்டோடு நின்றார்கள். கட்டடத்தில் பெருக்கித் துடைக்க வந்தவர்கள். அதில் இரண்டு மூன்று முகங்கள் வேதநாயகத்துக்குத் தெரிந்த முகங்கள். எட்டாம் லயனில் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தவை. இப்போது இரண்டு பஸ் மாறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று காலையிலேயே அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

வேதநாயகம் மேடையின் பின்பக்கம், பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். வலது கையால் ஒயரின் முனையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார்.

ஜெசிந்தா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தன் கையைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா என்று வேதநாயகத்துக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் துள்ளிக்கொண்டு போயிற்று. ஜனங்கள் கை தட்டினார்கள். குழந்தைகள் புல்லில் ஆடினார்கள். சேர்மன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுத் தொடையில் தாளம் போட்டார். கிரிதரன் ஓரமாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணம் வந்தது. வேதநாயகத்தின் விரல்கள் இறுகின. ‘கதவுக்கு’ என்று வரும்போது இழுத்துவிட வேண்டும் என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தார்.

“பதினாறாம் மாடி வீட்டு…”

ஜெசிந்தாவின் இடது கை பேஸின் கழுத்தில் நகர்ந்தது. கழுத்தில் குறுக்கே வரிவரியாகப் பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளில், மூன்று ஃப்ரெட் கீழே. அவ்வளவுதான் நகர்ந்தது.

மேலே எதுவும் மாறவில்லை. அதே வார்த்தை. அதே மெட்டு. கீபோர்டு அதே கட்டைகளை அமுக்கியது. கிட்டார் அதையே வாசித்தது. ஆனால் பாட்டின் அடியில் இருந்த தரை இறங்கிவிட்டது.

வேதநாயகத்துக்கு அது முதலில் முட்டியில்தான் தெரிந்தது. அவர் குந்தியிருந்த மேடைப் பலகை நடுங்கியது. பிறகு நெஞ்சில் தெரிந்தது. அந்த வரி காதில் விழுந்தபோது விரல் பூட்டு ஞாபகம் வரவில்லை. எஸ்தர் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. யாரும் வராத கதவு. அந்தக் கடைசி இரண்டு வருஷம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒயரிலிருந்து கையை எடுக்கவும் மறந்தார், இழுக்கவும் மறந்தார்.

“உள்ள வா, உள்ள வா” என்று பாடகி பாடினார். மனையைக் காட்டி ஆள் சேர்க்கிற குரலாக அது இல்லை. தரைக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அந்தப் பெண் ஏனென்று தெரியாமலே கண்ணை மூடிக்கொண்டார். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த சிரிப்பைக் காணோம். துள்ளலைக் காணோம். குரல் தானாகவே பேஸைத் தேடிக்கொண்டு இறங்கியது. டிரம்ஸ்காரர் ஜெசிந்தாவின் இடது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடியைக் குறைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது. ஆடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டது. வீடு வாங்கிய ஒருவர் தலையைத் தூக்கி இருபத்து நாலு மாடியையும் பார்த்தார், பிறகு தன் காலுக்குக் கீழே இருந்த புல்லைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் வீடுதான் வாங்கினார், யார் வீட்டையும் இடிக்கவில்லை. ஆனாலும் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி ஜூஸ் தட்டைக் கீழே வைத்தாள். காலியாக இருந்த ஒரு வெள்ளை நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் உட்கார்ந்தாள். பாட்டு முடிவதற்குள் ஆறேழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஜெசிந்தா கடைசி வரைக்கும் பழைய ஃப்ரெட்டுக்கு மேலே ஏறி வரவில்லை. கீழேயே நின்று முடித்தார்.

கிரிதரன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். கையில் அந்தக் காகிதம்.

“மேடம், என்ன பண்ணீங்க?”

“பேஸ் வாசிச்சேன் சார்.”

“பாட்டு மாறிடுச்சு மேடம். எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. சேர்மன் எழுந்து போயிட்டாரு.”

“எந்த வார்த்தை மாறிச்சு?”

கிரிதரன் காகிதத்தைப் பார்த்தார். எல்லா வரிக்கும் டிக் இருந்தது.

“வார்த்தை கரெக்ட்தான்.”

“மெட்டு?”

“மெட்டும்… அதேதான்.”

“அப்றம் இன்னா சார்?”

கிரிதரன் கீபோர்டுக்காரரைப் பார்த்தார். “நான் ஒத்திகையில வாசிச்சதத்தான் சார் வாசிச்சேன்” என்றார் அவர். சவுண்ட்காரரைப் பார்த்தார். “பேஸ் லெவல் சரியாத்தான் சார் இருந்துச்சு” என்றார் அவர். கிரிதரன் காகிதத்தைப் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தார். ஏதோ ஒன்று அவர் கண் எதிரே திருட்டுப் போயிருந்தது. என்ன என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

“இனிமே இந்த ஊர்ல எந்தக் கம்பெனி விழாவும் உங்களுக்குக் கிடைக்காது மேடம்.”

“அத்த எயுதிக் குடுங்க சார். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்.”

சாமான்களை ஏற்றிய வேனில் குருவும் சிஷ்யரும் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். வேன் இன்னும் கிளம்பவில்லை. வேதநாயகம் ரொம்ப நேரம் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர். நான் ஒயரப் புடுங்கலாம்னுதான் வந்தேன்.”

“பாத்தேன்.”

“பாத்தும் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு.”

“புடுங்கியிருந்தா?”

“பட்டுன்னு ஒரு சத்தம் கேட்ருக்கும். ஜனங்க சிரிச்சிருப்பாங்க. பேஸ் இல்லாமலே மிச்சப் பாட்ட அந்தப் பொண்ணு பாடி முடிச்சிருக்கும்.”

வேதநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். “இன்னா பண்ணீங்க மாஸ்டர்?” என்று கேட்டார்.

பாட்டு எழுதும்போது தட்டிப் பார்ப்பதற்கு ஜெசிந்தா ஒரு சின்ன கீபோர்டு வைத்திருந்தார், பேட்டரியில் ஓடுவது. அதை எடுத்து சிஷ்யரின் மடியில் வைத்தார்.

“மூணு வெரல வையுங்க. இங்க, இங்க, இங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க.”

வேதநாயகம் வைத்தார். கீபோர்டு ‘ம்ம்’ என்று நின்றது.

ஜெசிந்தா பேஸை எடுத்து அதன் தலையை வேனின் தகரத்தில் சாய்த்துப் பிடித்தார். ஒயர் இல்லாமலே தகரம் பேசியது. ஒரு நோட்டை மீட்டினார்.

“எப்டி கீது?”

“சந்தோசமா கீது.”

கையை மூன்று ஃப்ரெட் இறக்கினார். மறுபடியும் மீட்டினார்.

“இப்ப?”

“எஸ்தர் கதவப் பாத்துக்கினு குந்திகீறா.”

“உங்க வெரல் நகந்துச்சா?”

வேதநாயகம் குனிந்து பார்த்தார். மூன்று விரலும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

“இல்ல.”

ஜெசிந்தா பேஸை உறைக்குள் போட்டார்.

“இத்த ஏன் மாஸ்டர் மூணு வருஷமா சொல்லித்தரல?”

“ஒரு எடத்துல நிக்கவே உங்களுக்கு மூணு வருஷம் ஆயிடுச்சேண்ணா.”

வேதநாயகம் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. வேனின் பின்கதவு வழியாக அந்தக் கட்டடம் தெரிந்தது. பால்கனிகளில் ஒவ்வொன்றாக விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் மாடி எது என்று அவர் எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க.”

“கேளுங்க.”

“நாளைக்கு இவங்க குடி வந்துடுவாங்க. நம்ப லயனு திரும்பி வரப் போறதில்ல. எஸ்தரும் வரப் போறதில்ல. நீங்க கீழ மூணு ஃப்ரெட்டு நகந்ததால இன்னா ஆயிடுச்சு?”

அவர் குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜெசிந்தா அந்தக் கட்டடத்தைக் கையால் காட்டினார்.

“நெலத்த வாங்கிட்டாங்க. பேர வாங்கிட்டாங்க. வார்த்தைய வாங்கிட்டாங்க, மெட்டையும் வாங்கிட்டாங்க. அடியில கொஞ்சம் எடம் கெடந்துச்சு வேதாண்ணா, அத்த வாங்க மறந்துட்டாங்க. மொத்த லயனையும் அங்க குடி வெச்சிட்டேன். இப்ப வந்து காலி பண்ணச் சொல்லட்டும்.”